கட்டியும் காத்திருப்பும்

வீட்டு நாயைக் குளிப்பாட்டித் துவட்டும்போதோ, மடியில் தலை வைத்துக் கிடக்கும் அதன் கழுத்தை வருடும்போதோ, நேற்றுவரை இல்லாத ஒரு கட்டி விரலில் தட்டுப்படுகிறது. அந்த நொடி முதல், கால்நடை மருத்துவர் அதைத் தொட்டுப் பார்த்து, ஊசியால் சிறிது எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, அங்கிருந்து விடை வருகிற வரையிலும், வந்த விடை தெளிவற்றதாக இருந்துவிட்டால் அதற்கு அப்பாலும், அந்த வீட்டார் இருக்கும் நிலையைத் துக்கம் என்று சொல்லவும் முடியாது. நம்பிக்கை என்று சொல்லவும் முடியாது. இழந்துவிட்டோம் என்றால் அழுது தீர்த்துக்கொள்ளலாம். பிழைத்துவிட்டது என்றால் கோயிலுக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம். இரண்டும் இல்லாத இந்த இடைக்காலத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

இந்த நிலைக்கு ஆளாகிறவர்களின் தொகை சிறிதன்று. நான்கு நாய்களில் ஒன்றுக்கு வாழ்நாளில் எப்போதாவது கட்டி நோய் தோன்றுகிறது என்றும், பத்து வயதைக் கடந்தவற்றில் ஏறத்தாழப் பாதிக்குப் புற்று வருகிறது என்றும் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் கணித்திருக்கிறது. நம் நாட்டிலும், பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களுக்குக் குட்டிப் பருவத்திலேயே பலியாகிக்கொண்டிருந்த பிராணிகள், தடுப்பூசியின் தயவால் முதுமையைக் காணத் தொடங்கியிருக்கின்றன. முதுமையைக் காண்கிற ஜீவன் முதுமையின் வியாதிகளையும் காண்கிறது.

“டாக்டர், இது புற்றுதானா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள்” என்று கேட்கும் அம்மையாருக்கு, “இப்போதைக்குச் சொல்ல முடியாதம்மா, சந்தேகம் இருக்கிறது” என்று மருத்துவர் பதில் சொல்லும்போது, கேட்டவர் மனத்தில் இரண்டு எண்ணங்கள் எழுகின்றன: ஒன்று, உண்மையை அறிந்தும் நம்மிடம் மறைக்கிறார், மற்றொன்று, இவருக்கு விஷயம் தெரியவில்லை, வேறு இடத்துக்குப் போகவேண்டும். பெரும்பாலும் இவை இரண்டுமே தவறு. சந்தேகம் அந்த வியாதியின் சுபாவத்திலேயே இருக்கிறது. சில சந்தேகங்களைச் சிறு செலவில், சில நாட்களில் நீக்கிவிடலாம். சிலவற்றை எவ்வளவு பணம் கொட்டினாலும் நீக்க முடியாது. வேறு சிலவற்றை நீக்குவதால் அந்த நாய்க்கு ஒரு பிரயோசனமும் இல்லை. நம் முன்னால் இருப்பது இவற்றுள் எது என்று பிரித்தறிவதே இந்தக் காலத்தில் வீட்டாரும் மருத்துவரும் சேர்ந்து செய்யவேண்டிய முதல் வேலை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

எளிய பரீட்சையிலிருந்து தொடங்குவோம். தோலுக்கடியில் இருக்கும் கட்டியில் மெல்லிய ஊசியைச் செலுத்தி, அதில் ஒட்டி வரும் உயிரணுக்களைத் தகட்டில் பரப்பிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது வழக்கம். பெரும்பாலான நாய்களுக்கு மயக்க மருந்து வேண்டியதில்லை. தடுப்பூசி போடும் நேரத்தில் முடிந்துவிடும். வயதான நாய்களுக்கு மிகச் சாதாரணமாக வரும் கொழுப்புக் கட்டியானால், வெண்ணெய் தடவியதுபோல் தகடு மினுங்கும். மருத்துவர் அங்கேயே ஆறுதல் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் கையால் தொட்டுப் பார்த்தே ‘இது கொழுப்புக் கட்டிதான்’ என்று தீர்ப்புச் சொல்வதை நல்ல மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். மாஸ்ட் செல் கட்டி என்று ஒன்று இருக்கிறது. பாக்ஸர், பக், லாப்ரடார் இன நாய்களிடம் அதிகமாகக் காணப்படுவது. அது கொழுப்புக் கட்டியைப்போல் மெத்தென்றும் இருக்கும், பூச்சி கடித்த தடிப்பைப்போலவும் இருக்கும், மருவைப்போலவும் இருக்கும். ஒரு நாள் பெருத்து மறுநாள் சிறுத்தும் போகும். சிறுத்துவிட்டதே என்று வீட்டார் மகிழ்ந்திருக்க, அது உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். நல்ல வேளையாக, அதன் உயிரணுக்கள் ஊசியில் எளிதாக வந்துவிடுகின்றன. தகட்டில் அவற்றை அடையாளம் காண்பதும் அவ்வளவு கடினமன்று. இதற்கு நேர்மாறாக, தசைநார்களுக்கிடையே வளரும் சில புற்றுக் கட்டிகள் தம் அணுக்களை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால், ஊசியில் வெறும் இரத்தமே வரும். ‘முடிவு கூறப் போதிய அணுக்கள் இல்லை’ என்று அறிக்கை வரும். அந்த வாசகத்தைப் ‘புற்று இல்லை’ என்று படித்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் பலர். போதிய அணுக்கள் இல்லை என்றால் பரீட்சை நடக்கவில்லை என்றுதான் பொருள். மறுபடி எடுக்கவேண்டும், அல்லது சதைத் துண்டாகவே எடுக்கவேண்டும்.

சதைத் துண்டை எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான் இவற்றுள் நம்பத்தக்கது என்றாலும், அதுவும் தெய்வ வாக்கு ஆகிவிடாது. இன்ன நோய்தான் என்று அறுதியிட்டுச் சொல்லும் அறிக்கை உண்டு. இதற்கு ஒத்திருக்கிறது என்று சொல்வது உண்டு. இதுவாக இருக்கலாம் என்று சுட்டுவது உண்டு. இல்லையென்று தள்ளிவிட முடியாது என்று கைவிரிப்பதும் உண்டு. இவை நான்கும் நான்கு படிகள். அறிக்கை எந்தப் படியில் நிற்கிறது என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், அதில் கண்ட நோயின் பெயரை மாத்திரம் கைப்பேசியில் தேடி இரவெல்லாம் படித்துக்கொண்டிருப்பதால் விளைகிற வேதனை கொஞ்சநஞ்சமன்று. துண்டாக எடுக்கப்பட்ட சதை மெழுகில் பதிக்கப்பட்டு ஆய்வுக்கூடத்தில் பாதுகாக்கப்படுகிறது என்பதும், அதிலிருந்து புதிய சீவல்களை எடுத்து வேறொரு நிபுணரைப் பார்க்கச் சொல்லலாம் என்பதும், அதற்காக நாயை மறுபடி அறுக்கவேண்டியதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. காலை எடுப்பதா, கீமோ சிகிச்சை தொடங்குவதா என்பன போன்ற பெரிய தீர்மானங்களுக்கு முன்னால் இப்படி இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தம்மை அவமதிப்பதாகக் கருதமாட்டார்.

சிற்றூர்களில் இருக்கும் அரசுக் கால்நடை மருந்தகங்கள் மாடு, ஆடு, கோழிகளுக்கென்றே ஏற்பட்டவை. அங்கே இருப்பவரிடம் புற்றுநோய் நிபுணரின் சாதனங்களை எதிர்பார்க்க முடியாது. ஆயினும் ஊசியால் எடுத்துத் தகட்டில் தடவுவதற்கு எந்த ஊரும் சிற்றூர் அன்று. உலர்ந்த தகடுகளும், ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் இட்ட சதைத் துண்டும் பிரயாணம் செய்யக்கூடியவை. சென்னையில் 1903-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளைச் சார்ந்த மருத்துவமனைகளும் வெளியூர்க்காரர் நாடிச் செல்லும் இடங்கள். கொண்டுபோகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: ஃபார்மலின் புட்டியையும் தகடுகளையும் ஒரே பையில் போடக்கூடாது. மூடிய புட்டியிலிருந்து கசியும் ஆவி பட்டாலே தகட்டிலுள்ள அணுக்கள் சாயத்தைச் சரியாக ஏற்காமல் கெட்டுவிடுகின்றன. இருநூறு மைல் கொண்டுபோன தகடு ஒன்றுக்கும் உதவாமல் போகும்.

நம் நாட்டு வெப்பத்தில் நாய் வளர்ப்பவர்கள் தனியாக அறிந்திருக்கவேண்டிய ஒரு குழப்பம் உண்டு. தாடைக்கடியிலும், தோளுக்கு முன்னாலும், பின்னங்கால் முழங்காலுக்குப் பின்னாலும் நாய்க்கு நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. இவை எல்லாம் ஒருசேர வீங்கி, நம் கிராமத்தார் சொல்வதுபோல் ‘நெறி கட்டி’க்கொண்டால், மருத்துவர் மனத்தில் எழும் முதற் சந்தேகம் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்று. ஆனால் உண்ணிக் காய்ச்சலிலும் இதே கணுக்கள் வீங்கும். பழுப்பு நாயுண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற நுண்கிருமி வெள்ளணுக்களுக்குள் குடியேறி, கணுக்களையும் மண்ணீரலையும் வீங்கச் செய்கிறது. பிளேட்லெட் என்னும் தட்டணுக்களைக் குறைத்து மூக்கில் இரத்தம் வடியச் செய்கிறது. பசியைப் போக்கி உடம்பை உருக்குகிறது. நாட்பட்ட நிலையில், எலும்பு மஜ்ஜைப் புற்றில் தோன்றும் புரத மாறுதல்களைக்கூட இரத்தத்தில் தோற்றுவிக்கிறது. ஒன்று நான்கு வார டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் பெரும்பாலும் அடங்கிவிடும் வியாதி. மற்றது சிகிச்சை செய்யாவிட்டால் ஒன்றிரண்டு மாதங்களில் உயிரைக் கொண்டுபோகும் வியாதி. இரண்டும் ஒரே வேஷத்தில் வந்து வாசலில் நிற்கின்றன.

இங்கே இரு பக்கமும் தவறு நேர்கிறது. உண்ணிக் காய்ச்சல் நாயைப் புற்று என்று முடிவுகட்டிக் கைவிட்டுவிடுவது ஒன்று. உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரீட்சையில் ஆம் என்று வந்ததைக் கண்டு, புற்று இல்லை என்று நிம்மதி அடைந்துவிடுவது மற்றொன்று. அந்தப் பரீட்சை கண்டுபிடிப்பது நோய் எதிர்ப்பொருளை. சென்ற ஆண்டு வந்து போன காய்ச்சலின் எதிர்ப்பொருளும் இரத்தத்தில் தங்கியிருக்கும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்குப் புற்று வராது என்ற விதியும் இல்லை. ஆகவே வீங்கிய கணுவிலிருந்தே ஊசியால் எடுத்துப் பார்க்கவேண்டும். அதுவும், சொத்தைப் பல்லாலும் ஈறு வீக்கத்தாலும் எப்போதும் சற்றே வீங்கியிருக்கக்கூடிய தாடைக் கணுவைவிட, முழங்காலுக்குப் பின்னுள்ள கணுவிலிருந்தோ தோள் கணுவிலிருந்தோ எடுப்பது உத்தமம். எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை இது: பரீட்சைக்கு எடுப்பதற்கு முன்னால் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்துவிடக்கூடாது. கொடுத்த இரண்டொரு நாளில் வீக்கம் வடியும், நாய் எழுந்து சோறு தின்னும், வீடு மகிழும். ஆனால் நிணநீர்ப் புற்றாக இருந்தால் அந்த மருந்து அதன் அடையாளத்தை அழித்து மறைத்துவிடுவதோடு, பின்னால் தரப்போகும் கீமோ மருந்துகளுக்கு அது மசியாதபடியும் செய்துவிடக்கூடும். நீக்கியிருக்கக்கூடிய சந்தேகத்தை நாமே நீக்க முடியாததாக்கிக்கொள்ளும் செயல் அது. முறையாகக் கண்டறிந்து பல மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் சிகிச்சையைத் தொடங்கினால், இவ்வகைப் புற்றுடைய நாய்களில் பத்தில் எட்டுக்கு மேல் நோய் அடங்கி நல்ல சுகத்தோடு இருக்கின்றன. பி வகை நிணநீர் அணுக்களில் தோன்றிய புற்றானால் அந்த வாழ்வு ஓராண்டை ஒட்டி நீள்கிறது. நாயின் கணக்கில் ஓராண்டு சிறிய அவகாசமன்று.

தெருநாயை எடுத்து வளர்ப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் நற்செய்தி ஒன்று உண்டு. அத்தகைய நாயின் மர்மஸ்தானத்தில் காலிஃபிளவர் பூவைப்போல் செந்நிறக் கட்டி தோன்றி இரத்தம் சொட்டினால், அது பெரும்பாலும் ஒரு நாயிடமிருந்து மற்றொரு நாய்க்குச் சேர்க்கையால் தொற்றும் கட்டியாக இருக்கும். முகர்வதாலும் நக்குவதாலும் மூக்கிலும் வாயிலும்கூட அது வந்துவிடுகிறது. புற்று தொற்றுமா என்று வியப்பவர்கள், 1876-ஆம் ஆண்டிலேயே ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி இந்தக் கட்டியை ஒரு நாயிலிருந்து வேறொரு நாய்க்கு மாற்றி வளரச் செய்து காட்டினார் என்பதை அறிந்தால் மேலும் வியப்பார்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் உடம்பில் தோன்றிய அணுக்களே, அந்த நாய் மடிந்த பின்பும் அழியாமல், உடல்விட்டு உடல் தாவி இன்று உலகமெங்கும் உள்ள நாய்களிடம் வாழ்கின்றன என்று மரபணு ஆராய்ச்சி நிரூபித்திருக்கிறது. இத்தனை நெடிய ஆயுள் படைத்த இந்தப் புற்று, வின்கிறிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒரு முறையாகச் சில வாரங்கள் நரம்பில் ஏற்றினால், பெரும்பாலான நாய்களிடம் இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோகிறது. ஊசித் தகட்டிலேயே இதைச் சந்தேகமறக் கண்டுகொள்ளலாம். புற்று என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் இப்படிப்பட்ட நாயைத் திரும்பத் தெருவில் கொண்டுபோய் விட்டுவிடுகிறவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. அந்தப் பிராணி குணமடைந்து இன்னும் பத்து ஆண்டு வாசலைக் காத்திருக்கும்.

அந்த வின்கிறிஸ்டின் மருந்து பிறந்தது எங்கே என்றால், நம் வீட்டு முற்றங்களிலும் சுடுகாட்டு ஓரங்களிலும் தானாகப் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. நீரிழிவுக்கு மருந்தாகும் என்று கருதி 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் இதை ஆராய்ந்தபோது, சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. அந்த எதிர்பாராத விளைவிலிருந்து வின்பிளாஸ்டினும், பின்னர் வேறு ஆராய்ச்சியாளர் கையில் வின்கிறிஸ்டினும் கிடைத்தன. இதைப் படித்துவிட்டு யாரும் அந்த இலையை அரைத்து நாய்க்குப் புகட்டிவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பல நூறு கிலோ உலர்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் அளவே கிடைக்கும் மருந்து அது. இலையில் அதனோடு வேறு பல நஞ்சுகளும் இருக்கின்றன. நரம்புக்கு வெளியே ஒரு துளி சிந்தினாலே சதையைப் புண்ணாக்கும் மருந்தை, பழகிய கை அளந்து ஏற்றவேண்டும்.

இனி, நீக்க முடியாத சந்தேகத்துக்கு வருவோம். இவற்றுள் கொடியது மண்ணீரல் கட்டி. ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார் போன்ற பெரிய இன நாய்களிடம், எட்டு ஒன்பது வயதுக்கு மேல், வெளியே ஓர் அறிகுறியும் காட்டாமல் வளர்ந்து, ஒரு நாள் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் பெருகுகிறது. காலையில் வாலாட்டிக்கொண்டிருந்த நாய் மாலையில் ஈறு வெளுத்து, மூச்சிரைத்து, எழுந்து நிற்க முடியாமல் விழுகிறது. ஸ்கேன் எடுத்த மருத்துவர், மண்ணீரலில் கட்டி இருக்கிறது, வயிற்றில் இரத்தம் நிற்கிறது, இப்போதே அறுத்து மண்ணீரலை எடுத்தால் உயிரைக் காக்க முயலலாம் என்கிறார். அந்தக் கட்டி வெறும் இரத்தக் கட்டாக இருந்தால் அறுவைக்குப் பின் நாய் பூரண சுகம் பெறும். ஹீமாஞ்சியோசர்க்கோமா என்னும் இரத்தநாளப் புற்றாக இருந்தால், அறுவை மட்டும் செய்த நாய்கள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதமும், கீமோவும் சேர்த்துப் பெற்றவை நான்கு முதல் ஆறு மாதமுமே வாழ்கின்றன. இரண்டில் எது என்பதை ஸ்கேன் பிரித்துக் காட்டாது. இரத்தம் நிறைந்த அந்தக் கட்டியை ஊசியால் குத்துவது ஆபத்து. குத்தினாலும் வருவது இரத்தமே. எடுத்த உறுப்பைப் பரிசோதித்து அறிக்கை வருகிற வரையில் உலகத்தில் ஒருவருக்கும் அது தெரியாது.

மண்ணீரல் கட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு கெட்டவை, அந்தக் கெட்டவற்றில் மூன்றில் இரண்டு பங்கு இரத்தநாளப் புற்று என்று மருத்துவர்கள் பல காலம் மனப்பாடமாகச் சொல்லிவந்த ஒரு கணக்கு உண்டு. வெடித்து இரத்தம் பெருகிய கட்டிகளுக்கு அது ஓரளவு பொருந்தும். வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்ட, வெடிக்காத கட்டிகள் தீங்கற்றவையாக இருக்கும் வாய்ப்பு மிகக் கூடுதல் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே நள்ளிரவில் அந்த அறுவை அறைக்கு வெளியே நிற்கிறவர்கள், மார்பு எக்ஸ்ரேயில் ஏதாவது தெரிகிறதா, இதயத்தின் வலப்புறத்தில் கட்டி இருக்கிறதா என்று கேட்கலாம். அவை இருந்தால் தராசு ஒரு பக்கம் சாயும். கல்லீரலில் காணும் முடிச்சுகளை மாத்திரம் வைத்து நம்பிக்கை இழக்கவேண்டாம். வயதான நாய்களின் கல்லீரலில் தீங்கற்ற முடிச்சுகள் சாதாரணம். இவ்வளவும் கேட்ட பிறகு, அறுவை செய்யச் சொல்கிறவரும் சரிதான். வேண்டாம், வலியில்லாமல் அனுப்பிவிடுங்கள் என்கிறவரும் சரிதான். அறிக்கை பின்னால் வந்து எதைச் சொன்னாலும், அன்று இரவு தெரிந்ததைக் கொண்டு அன்பினால் செய்த தீர்மானத்தை ஒரு வாரம் கழித்துத் தெரிந்ததைக் கொண்டு குற்றம் என்று தீர்ப்புச் சொல்வது நியாயமன்று. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அந்தத் தீர்ப்பைத் தம்மேல் தாமே சுமத்திக்கொண்டு ஆண்டுக்கணக்காக வாடுகிறவர்களை நான் கண்டிருப்பதுதான்.

நீக்குவதால் பயனில்லாத மூன்றாவது வகைச் சந்தேகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதினான்கு வயதாகி, இதயமும் சிறுநீரகமும் தளர்ந்த நாயின் வயிற்றில் ஒரு நிழல் தெரிகிறது. அறுவையும் கீமோவும் வேண்டாம் என்று குடும்பம் முன்பே முடிவு செய்திருக்கிறது. அந்த நிழலுக்குப் பெயர் சூட்டுவதற்காக மயக்க மருந்தும் ஊசியும் தொலைதூரப் பயணமும் எதற்கு? எந்தப் பரிசோதனைக்கும் சம்மதிக்கும் முன், “ஆம் என்று வந்தால் நாம் என்ன செய்வோம், இல்லை என்று வந்தால் என்ன செய்வோம்?” என்று மருத்துவரைக் கேட்கவேண்டும். இரண்டுக்கும் விடை ஒன்றே என்றால் அந்தச் செலவை வலி நிவாரணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பணத்தைப் பற்றிப் பேசுவதில் வெட்கம் வேண்டாம். எவ்வளவு முடியும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அதற்குள் எதை முதலில் செய்வது என்று வகுத்துக் கொடுக்க நல்ல மருத்துவருக்குத் தெரியும்.

இனி, விடைக்குக் காத்திருக்கும் நாட்கள். நோயுற்ற நாயையோ பூனையையோ பராமரிக்கிறவர்களின் மனநிலையை, ஆரோக்கியமான பிராணிகளை வளர்ப்பவர்களின் மனநிலையோடு ஒப்பிட்டு, மொத்தம் 238 பேரை ஆராய்ந்து மேரி பெத் ஸ்பிட்ஸ்நாகல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2017-இல் தம் குழுவினருடன் வெளியிட்ட கட்டுரையில், முன்னவர்களிடம் பாரமும் பதற்றமும் மனச்சோர்வின் அறிகுறிகளும் கூடுதலாக இருந்ததைக் காட்டியிருக்கிறார். ஆகையால் உறக்கமின்றி, நாயின் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருப்பவர், தமக்கு மட்டும் ஏதோ பலவீனம் என்று எண்ணவேண்டியதில்லை. மூச்சை எண்ணுவதும் வீண் காரியமன்று, முறையாகச் செய்தால்: உறங்கும் நாய் நிமிடத்துக்கு முப்பது தடவைக்குள் மூச்சு விடவேண்டும், அதற்கு மேல் தொடர்ந்து போனால் மருத்துவரிடம் சொல்லவேண்டும். நாளுக்கு ஒரு முறை எண்ணி எழுதிவைத்தால் போதும். நாள் முழுதும் எண்ணிக்கொண்டிருந்தால் எண்ணுகிறவருக்குத்தான் மூச்சு முட்டும். கட்டியையும் அவ்வாறே வாரம் ஒரு முறை, ஒரு காசைப் பக்கத்தில் வைத்துப் புகைப்படம் எடுத்து, குறுக்களவைக் குறித்துவைக்கலாம். அடிக்கடி பிசைந்து பார்ப்பது கூடாது. மாஸ்ட் செல் கட்டியானால் பிசையப் பிசையச் சிவந்து வீங்கும்.

அலிஸ் வில்லாலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004-இல் வகுத்த ஓர் அளவுகோல் இந்நாட்களில் பெரிதும் கைகொடுக்கிறது. வலி, பசி, உடம்பின் நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியா என்பது ஆகிய ஏழுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பிட்டுக் கூட்டினால், முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும்வரை வாழ்வு சகிக்கத்தக்கது என்பது அவர் கணக்கு. எனக்கு அந்த மொத்த எண்ணைவிட, வீட்டில் உள்ளவர்கள் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. நாள் முழுதும் கூடவே இருக்கும் பாட்டி ‘வலி’க்கு எழுதுவதும், இரவில் மட்டும் பார்க்கும் மகன் எழுதுவதும் வேறுவேறாக இருக்கும், அந்த வேறுபாட்டைப் பேசித் தீர்த்துக்கொள்ளாத குடும்பங்களில்தான் பின்னால் மனத்தாங்கல் நிற்கிறது. ஒன்றைக் கவனிக்கவேண்டும்: இந்த அளவுகோலுக்கு நோயின் பெயர் தேவையில்லை. பெயர் நிச்சயமாகாத நாயையும் இதனால் அளக்கலாம். பெயர் நிச்சயமாகாத நாயின் வலிக்கும் மருந்து கொடுக்கலாம். மனிதருக்குரிய பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் மட்டும் கூடாது. அவை நாய்க்கு நஞ்சாகும். நாய்க்கென்று அளவறிந்து மருத்துவர் தரும் மருந்துகள் இருக்கின்றன.

உணவைத் திடீரென்று மாற்றுவதும் பதற்றத்தில் பலர் செய்யும் காரியம். சோற்றை நிறுத்து, இறைச்சி மட்டும் கொடு, மஞ்சளைக் கரைத்து ஊற்று என்று ஆளுக்கொரு யோசனை வரும். பழகாத உணவால் வயிறு கெட்டால், அது நோயின் வளர்ச்சியா, புதுச் சாப்பாட்டின் விளைவா என்று பிரித்தறிய முடியாமல், இருக்கும் சந்தேகத்தோடு இன்னொன்றும் சேரும். வழக்கமான சாப்பாடு, வழக்கமான வேளை, வழக்கமான தெருமுனை வரை நடை. இவை மாறாதிருந்தால், பசி குறைந்ததும் நடை தளர்ந்ததும் அன்றன்றே நம் கண்ணுக்குத் தெரியும். குழந்தைகளிடம், “டாக்டருக்கே இன்னும் தெரியவில்லை, தெரிந்ததும் உனக்குச் சொல்கிறோம்” என்று சொன்னால் போதும். அவர்கள் பெரியவர்களைவிட நன்றாக அதைத் தாங்குகிறார்கள்.

இந்த நாட்களில் அவசரப்பட்டுக் கருணைக் கொலையை நினைக்கிறவர்களும் உண்டு. அது பாவம் என்று பேச்சையே எடுக்க மறுக்கிறவர்களும் உண்டு. நோய் இன்னதென்று தெரியாமல், நாயும் வேதனையில்லாமல் உண்டு உறங்கிக்கொண்டிருக்கும்போது, வரப்போவதற்கு அஞ்சி உயிரைப் போக்குவது தகாது. வேதனை தாங்க முடியாததாகி, மருந்துக்கும் அடங்காமல் போனபின், அறிக்கை வரட்டும் என்று இழுத்துக்கொண்டிருப்பதும் தகாது. அங்கே தீர்மானிக்கவேண்டியது நாயின் உடம்பு, காகிதம் அன்று.

இத்தகைய வீட்டுக்கு அக்கம்பக்கத்திலும் உறவிலும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. “ஒரு நாய்க்குப் போய் இவ்வளவா?” என்று கேட்காதீர்கள். “எனக்குத் தெரிந்தவர் நாய்க்கும் இப்படித்தான் வந்தது, ஒரே மாதத்தில் போய்விட்டது” என்று ஆரம்பிக்காதீர்கள்; “ஒன்றும் இருக்காது” என்றும் சொல்லாதீர்கள், அது உங்களுக்கும் தெரியாது. அறிக்கை எப்போது வருகிறது என்று கேட்டு, அன்று கூடப் போங்கள். முப்பது கிலோ நாயைத் தூக்கி வண்டியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். மருத்துவர் சொல்வதைப் பதற்றமில்லாமல் கேட்டு எழுதிக்கொள்ள மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும்.